இரண்டாவது மூக்குத்தி

அத்தியாயம் 14

திருச்சுழி மாப்பிள்ளையின் அம்மா மூக்கம்மாளிடமிருந்து போன் வந்ததையும், "ஞாயித்துக்கெழம நாலு மணிக்குப் பொண்ணு பாக்க வாரோம்" என்று அவள் சொன்னதையும், அதைக் கேட்ட சந்தோஷத்தில் அழகுத்தாய் அடுப்பில் பாலைப் பொங்க விட்டதையும் போன வாரம் பார்த்தோம். "இந்த இடமாவது அனுசியாவுக்கு அமையட்டும், இதிலும் கையை வைத்துவிடாதீர்கள்" என்று என்னைக் கோபித்து எழுதியவர்கள் நிறையப் பேர். என் கையில் என்ன இருக்கிறது? அந்த வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. எம்.ரெட்டியபட்டியில் பருத்திப் புஞ்சை வைத்திருக்கும் குடும்பம். அப்பா காலமாகி நான்கு வருஷம். அம்மா அழகுத்தாய். மகன் அருண்பாண்டியனுக்கு வயது முப்பத்தொன்று. அருப்புக்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். மகள் அனுசியாவுக்கு இருபத்தேழு. ஒரு தனியார் கல்லூரியில் உளவியல் நடத்துகிறாள், மதுரைக்குப் போய்வந்து பகுதிநேரமாக ஆய்வும் செய்கிறாள். ஒரு முகம் பார்த்ததுமே மனிதனுக்கு ஏன் பிடித்துப்போகிறது, இன்னொன்று ஏன் பிடிக்காமல் போகிறது என்பதுதான் அந்த ஆய்வு.

பத்து மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் அவள் குடித்த காபி இடது வாயோரமாக வழிந்தது. இடது கண் மூட மறுத்தது. முகவாதம் என்றார்கள். மாத்திரை, முகப்பயிற்சி என்று முக்கால்வாசி சரியாகிவிட்டது. மிச்சம் என்னவென்றால், சிரிக்கும்போது வலது பக்கம் முதலில் சிரிக்கும். இடது பக்கம் கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் குறைவாகச் சிரிக்கும். இதற்காகவே இரண்டு வரன்கள் தட்டிப்போயின.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அழகுத்தாய் மகளின் கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை வைத்தாள். உள்ளே ஒற்றைக் கல் மூக்குத்தி. திருகாணி கிடையாது. மூக்கைக் குத்தாமல், அப்படியே அழுத்தி மாட்டிக்கொள்ளும் வகை.

"எதுக்கும்மா இது? என் மூக்குத்திக்கு என்ன கேடு?"

"அது வலது பக்கம் கெடக்கு. இது இடது பக்கத்துக்கு. சாயங்காலம் ஒரு மணி நேரம் மாட்டிக்க ஆத்தா."

"ரெண்டு பக்கமுமா? என்னத்துக்கு?"

"அந்த மதினி வீட்டுல அது வழக்கமாம். உனக்கும் ரெண்டு பக்கம் இருக்குன்னுதான் அவுகளுக்கு உன்னைய ரொம்பப் புடிச்சிருச்சு."

"எனக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னு யாரு சொன்னா?"

"போட்டோவுல பாத்தாகளாம்."

"என் மூக்குல இல்லாதது போட்டோவுல எப்புடிம்மா வந்துச்சு?"

அழகுத்தாய்க்கு அந்த நேரம் பார்த்து ரவை வறுக்க வேண்டியிருந்தது. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அனுசியா இரண்டாவது தடவை கேட்கவில்லை. டெய்லரிடம் ஜாக்கெட் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தாள். ஒன்பதே முக்காலுக்கு அருப்புக்கோட்டையில் அண்ணனின் ஸ்டுடியோவுக்குள் நின்றாள். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஓடிக்கொண்டிருந்தன.

"அவுகளுக்கு அனுப்புன போட்டோவக் காட்டு."

"எந்தப் போட்டோ?" என்றான் அருண்பாண்டியன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. வராதவர்கள் எல்லாரும் இப்படித்தான் கேட்பார்கள்.

"திருச்சுழிக்கு அனுப்புனது. நீயா காட்டுறியா, நானே தேடட்டுமா?"

அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அந்தப் படத்தைத் திறந்தான்.

முதல் பார்வையில் அனுசியாவுக்கே அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. பளிச்சென்று, அமைதியாக, இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சிரித்துக்கொண்டு, நோய்நொடி என்றால் என்னவென்றே தெரியாத முகம். பிறகுதான் பார்த்தாள். இடது கன்னம் அவளுடைய இடது கன்னம் இல்லை. வலது கன்னத்தையே திருப்பி வைத்திருந்தான். வலது மூக்கில் கிடந்த மூக்குத்தியும் கூடவே திரும்பி இடது பக்கமும் வந்து உட்கார்ந்திருந்தது.

இந்த வித்தையை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

போன வருஷம் அவளுடைய ஆய்வுக்காக நாற்பது மாணவர்களின் முகத்தை நடுவில் வெட்டி, ஒரு பாதியை மறுபாதியாகத் திருப்பி ஒட்டித் தந்தவன் அவன். இரண்டு பக்கமும் ஒத்திருக்கும் முகத்தைத்தான் மனிதக் கண் தேடுகிறது என்று அவள் படித்த புத்தகங்கள் சொல்லின. நோயில்லாமல் வளர்ந்த உடம்புக்கு அது அடையாளம், மருத்துவமும் மருந்தும் இல்லாத காலத்திலிருந்து அந்தக் கண்ணை நாம் சுமந்து வருகிறோம் என்பது அவற்றை எழுதியவர்கள் கட்சி. அதெல்லாம் அவ்வளவு உறுதியில்லை என்று மறுப்பவர்களும் உண்டு. அனுசியா இருநூறு பேரிடம் படங்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னாள். அப்படியே வெட்டி ஒட்டிய முகங்களை யாருக்கும் பிடிக்கவில்லை. "சாமி சிலை மாதிரி இருக்கு, பயமா இருக்கு" என்றார்கள். அப்புறம் ஓரங்களை இழைத்து, மெதுவாகக் கலந்து காட்டியபோது மதிப்பெண் ஏறியது. எங்கே எவ்வளவு இழைக்க வேண்டும் என்று அருண்பாண்டியன் அப்போது நன்றாகப் படித்துக்கொண்டான்.

"ஊரான் புள்ளைக மொகத்துக்குச் செஞ்சத எனக்கே செஞ்சுட்டியா அண்ணே?"

"மூக்குத்திய நான் பாக்கல பாப்பா. ஒரு மணி நேரம் கண்ணையும் வாயையுமே பாத்துக்கிட்டு இருந்தேன். அனுப்புன பெறகுதான் பாத்தேன். அதுக்குள்ள அந்தம்மா போனப் போட்டு, மூக்குத்தி மூக்குத்தின்னு உருகுறாக. நான் என்ன சொல்ல?"

"மூக்குத்தியா இப்ப பிரச்சினை?"

அவனுக்குக் கோபம் வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"மொத வரனுக்கு உள்ளது உள்ளபடி அனுப்புனேன். எம்புட்டு நேரத்துல பதில் வந்துச்சு தெரியுமா? நாலு நிமிசம். ரெண்டாவது ஆளு, வாதம்னாகளே, பொறக்குற புள்ளைக்கும் வருமான்னு கேட்டான். என் தங்கச்சியப் பத்தி எங்கிட்டயே கேக்குறான். அது நரம்பு சம்பந்தப்பட்டது, புள்ளைக்கு வராதுன்னு சொல்லி முடிக்குறதுக்குள்ள போன வச்சுட்டான். நீதானே சொன்ன, ஒரு மொகத்தப் பாத்து முடிவு கட்ட மனுசனுக்கு ஒரு நொடிகூட வேணாம்னு? அந்த ஒரு நொடியத் தாண்ட வச்சேன். நேர்ல வந்து ஒன்கூட உக்காந்து பேசட்டும். பேசுனா உன்னைய எவன் வேணாம்பான்?"

அவன் கண் கலங்கியிருந்தது. அண்ணன் தன்மீது வைத்திருக்கும் பாசம் அவளுக்குத் தெரியும். அதனால்தான் திட்டவும் முடியவில்லை.

"நீ அவுகள ஏமாத்துனது இருக்கட்டும் அண்ணே. என்னைய ஏமாத்திட்ட."

மாப்பிள்ளை சுந்தரபாண்டி இந்த ஒரு வாரத்தில் அவளிடம் இரண்டு தடவை போனில் பேசியிருந்தான். கால்நடை ஆய்வாளர் வேலை. முதல் தடவையே சமைக்கத் தெரியுமா, சம்பளம் என்ன என்றெல்லாம் கேட்காமல் ஆய்வைப் பற்றிக் கேட்டான். "எங்க ஆடுகளுக்கும் மொகம் தெரியும்ங்க. நாலு பேரு ஒரே கலர் சட்டை போட்டு நின்னாலும் எங்கம்மாகிட்டத்தான் வரும்" என்றான். ஒரு மணி நேரம் பேசினார்கள். போனை வைத்தபிறகு அனுசியா கண்ணாடியின் முன் நின்று பத்து மாதத்துக்குப் பிறகு தானாகச் சிரித்துப் பார்த்தாள். இந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு மனிதன் இவ்வளவு நேரம் பேசுகிறான் என்ற நினைப்பு அவளுக்கு அத்தனை இனிப்பாக இருந்தது.

அவன் இந்த முகத்தைப் பார்க்கவே இல்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது.

"இப்பவே அவருக்குப் போன் போட்டுச் சொல்லிர்றேன்" என்று போனை எடுத்தாள். பேரைத் தேடி எடுத்தாள். அழுத்த விரல் வரவில்லை. சொன்னால் அவர்கள் வர மாட்டார்கள். வந்தால் ஒரு தடவையாவது அவனை நேரில் பார்க்கலாம். இருநூறு பேருக்கு மனித மனம் எப்படித் தடுமாறுகிறது என்று படம் காட்டியவள், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அண்ணனின் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்.



மூன்றரை மணிக்கு அழகுத்தாயே மகளுக்கு அந்தப் பொய் மூக்குத்தியை மாட்டிவிட்டாள். பருத்திச் செடி பிடுங்கிக் காய்த்த விரல். அவ்வளவு சின்னதை அதற்குப் பிடிக்கத் தெரியாமல் மூக்குத்தி இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது.

"தலையக் குனிஞ்சே இரு. சிரிக்காத. அம்புட்டுதான்."

"சிரிக்கலன்னா என்ன நெனப்பாக?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எந்தப் பொண்ணு சிரிக்குது? வெக்கம்னு நெனப்பாக."

"அதுக்கப்புறம்? கல்யாணத்துக்கப்புறமும் சிரிக்காமயே இருக்கவா?"

"அப்புறம் பாத்துக்கலாம் ஆத்தா" என்றாள் அழகுத்தாய். பத்து மாதமாக அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

சரியாக நாலு மணிக்கு வெள்ளைக் கார் வந்து நின்றது. தாயும் மகனும் மட்டும்தான் வந்திருந்தார்கள். பிடித்திருந்தால் உறவுமுறையோடு இன்னொரு நாள் வருவதாக ஏற்பாடு.

மூக்கம்மாள் நெடுநெடுவென்று உயரம். இரண்டு மூக்கிலும் பெரிய பழைய கல். கேட்டைத் தாண்டியதும் வேப்பமரத்தில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து நின்றாள்.

"இதுக்கு வலது பின்னங்கால்ல முள்ளு இருக்கே. யாரும் பாக்கலையா?"

அருண்பாண்டியன் போய்க் காலைத் தூக்கிப் பார்த்தான். குளம்பு நடுவில் ஒரு கருவேல முள் இருந்தது. நேற்றிலிருந்து அந்த ஆடு வீட்டு ஆட்கள் மத்தியில்தான் நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த அனுசியா இடது மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பத்தடி தூரத்திலிருந்து முள்ளைக் கண்டுபிடிக்கிற கண் இப்போது வீட்டுக்குள் வரப்போகிறது.

காபித் தட்டோடு அவள் ஹாலுக்குள் வந்தபோது சுந்தரபாண்டி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். கறுப்பு. குட்டை என்று சொல்ல முடியாது, உயரம் என்றும் சொல்ல முடியாது. அவளைப் பார்த்ததும் போனில் பேசிப் பழகியவன் என்ற உரிமையில் சிரித்தான்.

அனுசியா உதட்டை இறுக்கிக்கொண்டு குனிந்தாள்.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. காபியை எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டான்.

"ஏ தாயி, இங்கன வந்து எம்பக்கத்துல உக்காரு" என்றாள் மூக்கம்மாள். "கிட்டப் பாக்குற கண்ணாடிய வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். தூரத்துல இருந்தா கடுகும் தெரியும், பக்கத்துல இருக்கிறதுதான் மசமசங்குது."

அனுசியா உட்கார்ந்தாள். மூக்கம்மாள் அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். கை சொரசொரவென்று இருந்தது, ஆனால் பிடியில் அவ்வளவு பதவிசு. வலது மூக்குத்தியைப் பார்த்தாள். இடது மூக்குத்தியைப் பார்த்தாள்.

மூக்கம்மாளின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எங்க ஆத்தாளுக்கு எனக்கு முந்தி மூணு தங்கல. மூணும் நல்லாப் பொறந்து, நல்லாச் சிரிச்சு, செத்துப்போச்சு. நான் பொறந்ததும் எமன் கண்ணுக்கு அழகாத் தெரியக் கூடாதுன்னு குப்பையில பொரட்டி எடுத்து, ரெண்டு மூக்கையும் குத்தி, மூக்கம்மான்னு பேரு வச்சாக. நல்லா இருக்கிறதத்தானே தூக்கிக்கிட்டுப் போவான்? கோரமா இருந்தா விட்டுட்டுப் போயிருவான்னு ஒரு நம்பிக்கை. விட்டுட்டுத்தான் போனான். அறுவது வயசு ஆச்சு."

அனுசியா எல்லாம் மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அழகான முகத்தைத்தான் கண் தேடும் என்று இவர்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. தெரிந்திருந்தது. தெரிந்துதான் ஒரு குழந்தையின் முகத்தைக் கெடுத்து எமனை ஏமாற்றியிருக்கிறார்கள். அவளுடைய அண்ணன் ஒரு முகத்தைத் திருத்தி இந்த அம்மாளை ஏமாற்றியிருக்கிறான்.

"மத்தவக ஒரு பக்கம் அழகுக்குக் குத்துவாக. எங்க பக்கம் ரெண்டும் குத்துனா அதுக்கு அர்த்தமே வேற. உன் போட்டோவப் பாத்ததும் இவளும் என்னைய மாதிரி தங்குன புள்ளைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இதுக்கு மேல ஒரு பொருத்தம் பாக்க எனக்கு வேண்டியதில்ல." மூக்கம்மாள் அழகுத்தாய் பக்கம் திரும்பினாள். "மதினி, இவளுக்கு முந்தி உங்களுக்கு எத்தனை தங்கல?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று பிள்ளைகள் இருவரும் நினைக்கவில்லை. மூக்குத்தி ஏதோ குடும்ப வழக்கம், மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று இருந்தார்கள்.

அழகுத்தாய் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள். அருண்பாண்டியன் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான்.

"ரெண்டு" என்றாள் அழகுத்தாய். சொல்லிவிட்டு அழுதாள். நிஜமான கண்ணீர். அம்மா இவ்வளவு தூரம் நடிப்பாள் என்று அனுசியா நினைத்ததே இல்லை.

அவளால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று இடது மூக்கிலிருந்ததைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்தாள்.

"அத்தை, எனக்கு முந்தி பொறந்தது எங்க அண்ணன் மட்டும்தான். அந்தா நிக்கிறான். யாரும் சாகல. எனக்கு ஒரு மூக்குத்திதான். நீங்க பாத்த போட்டோவுல என் வலது பாதியத் திருப்பி இடது பக்கம் ஒட்டியிருக்கு. ஏன்னா என் இடது பாதி இப்புடி."

அவள் சிரித்தாள். வேண்டுமென்றே, முழுசாக, கண்வரைக்கும் சிரித்தாள். வலது பக்கம் ஏறியது. இடது பக்கம் தயங்கியது, பிறகு பாதி ஏறி நின்றது. இடது கண் தானாகச் சுருங்கியது. அப்படியே அந்த முகத்தை அவர்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்படி வைத்திருந்தாள்.

"பத்து மாசத்துக்கு முந்தி முகவாதம் வந்துச்சு. இதுக்கு மேல சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

வெளியே ஆடு கத்தியது.

முதலில் வாய் திறந்தது சுந்தரபாண்டி. குரல் அடங்கியிருந்தது.

"இத எங்கிட்ட போன்லயே சொல்லியிருக்கலாமேங்க."

"எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

"காலையிலருந்து நாலு மணி வரைக்கும் நேரம் இருந்துச்சே."

"இருந்துச்சு. போன எடுத்தேன். சொன்னா நீங்க வர மாட்டீங்கன்னு வச்சுட்டேன். நீங்க வரணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்காமல் பார்த்தான். ஒரு நொடியைவிட வெகுநேரம் ஆனது. என்ன நினைக்கிறான் என்று அனுசியாவின் படிப்பால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எனக்கு இப்ப என்ன சொல்றதுன்னு தெரியலம்மா" என்றான் தாயிடம். "நான் பேசுனது இவுககிட்டத்தான். ஆனா மனசுல வேற மொகத்த வச்சுப் பேசியிருக்கேன். உடனே ஒண்ணு சொன்னா அது பொய்யாப் போகும்."

மூக்கம்மாள் அவன் சொன்னதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. அவள் அழகுத்தாயைப் பார்த்தபடி மெல்ல எழுந்தாள். இதுவரை மதினி என்றும் நீங்க என்றும் வந்துகொண்டிருந்த பேச்சு மாறிவிட்டது.

"இந்தப் புள்ள மொகம் எனக்குப் பெருசில்ல. வாய் கோணுனா என்ன, கஞ்சி இறங்காதா? எங்க ஆத்தா மூணு புள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டு, சாகுற வரைக்கும் ராத்திரி திடுக்குன்னு எந்திரிச்சு உக்காருவா. நீ பொறக்காத புள்ளைய ரெண்டு கொன்னுட்டு, எம்முன்னால கண்ணத் தொடைக்கிற. நீயும் ஒரு பொம்பளையா? ஏய்யா சுந்தரம், எந்திரி."

அருண்பாண்டியன் ஓடி வந்து குறுக்கே நின்றான். "அத்தை, எல்லாத் தப்பும் என்னோடது. போட்டோ நான் செஞ்சது. எங்கம்மாவ ஒண்ணும் சொல்லாதீக."

"வழிய விடுப்பா."

அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டாள்.

"ரெண்டுன்னதுதான் பொய்யி" என்றாள் அழகுத்தாய்.

சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. குரலில் அழுகை இல்லை.

"ஒண்ணு நெசம். அருணுக்கு ரெண்டு வயசு. அடுத்து பொட்டப்புள்ள. பதினோரு நாளு இருந்துச்சு."

"அம்மா?" என்றான் அருண்பாண்டியன்.

"ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாக. சொல்லல. அதுக்கப்புறம் இவ வந்தா. ஆசாரிய வரச் சொல்லி இவளுக்கு ரெண்டு மூக்கையும் குத்திரணும்னு அப்பா நின்னாக. எங்க பக்கமும் அந்த வழக்கம் உண்டு. நான்தான் விடல." அழகுத்தாய் மகளைப் பார்த்துச் சொன்னாள். "அம்புட்டு அழகா இருந்த ஆத்தா. பாத்துக்கிட்டே இருக்கலாம். அந்த மொகத்துல ஊசி ஏத்த எனக்கு மனசு வரல. ஆசாரிய அப்புடியே திருப்பி அனுப்பிட்டேன். இந்த வலது மூக்குகூட நீ பெரியவளான பெறகு குத்துனதுதான். அழகா இருக்கட்டும்னு நெனச்சேன். போன வருசம் ஒனக்கு வாய் கோணுச்சே, அன்னையிலருந்து என்னால தூங்க முடியல. நான் அன்னைக்குச் செய்யாம விட்டதத்தான் அந்த வாதம் வந்து செஞ்சுட்டுப் போயிருச்சுன்னு தோணிக்கிட்டே இருக்கு."

அது நரம்பும்மா, கிருமியால் வந்ததும்மா, உன்னால் வந்ததில்லைம்மா என்று இந்தப் பத்து மாதத்தில் அனுசியா நூறு தடவை சொல்லியிருப்பாள். அம்மா ஏன் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. சற்று முன்பு அம்மா நடிக்கிறாள் என்று நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

மூக்கம்மாள் ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றாள்.

"இப்பத்தான் ஒரு பொய் சொன்ன வாயி. இத மட்டும் நான் எத வச்சு நம்ப?"

"நம்பச் சொல்லல" என்றாள் அழகுத்தாய். கையை ஊன்றி எழுந்தாள். "புஞ்சையில கெணத்து மேட்டுல பொதச்சு வச்சிருக்கோம். பாக்குறவக வாங்க."

திரும்பிப் பார்க்காமல் அடுப்படி வழியாகப் பின்வாசலுக்கு நடந்தாள். யாராவது வருகிறார்களா என்று அவள் பார்க்கவில்லை. கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அருண்பாண்டியன் அங்கேயே நின்றான். அவனுக்கு இரண்டு வயதில் பதினோரு நாள் ஒரு தங்கை இருந்திருக்கிறாள், ஒன்றுகூட நினைவில்லை. பிறகு அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினான்.

மூக்கம்மாள் கொஞ்ச நேரம் காரைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். ஹாலைக் கடந்து, அனுசியாவைத் தாண்டி, அடுப்படிக்குள் நுழைந்து பின்பக்கம் போனாள்.

ஹாலில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். சுந்தரபாண்டி எழுந்து நின்றான். வாசலுக்கா, கொல்லைக்கா என்று அவன் கால் இன்னும் முடிவு செய்யவில்லை.

"நான் அங்க வரலாமாங்க?" என்று கேட்டான்.

அனுசியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க. சின்னப் புள்ளையிலருந்து அந்த மேட்டுல ஏறித்தான் தண்ணி எடுக்குறேன். அது எந்த எடம்னு எனக்கே தெரியாது."